வெள்ளத்துக்காக உயர்த்திய வீடு நில அதிர்வைத் தாங்குமா? கடலோரக் கட்டடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழகக் கடலோரத்தில் வீடு கட்டுவோர் பெரும்பாலும் கடைசியாகப் பட்ட அடியை மனத்தில் வைத்தே கட்டுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தவித்தவர் தரைத்தளத்தை உயர்த்துகிறார். 2011-இல் தானே புயலிலோ 2018-இல் கஜா புயலிலோ கூரையைப் பறிகொடுத்தவர் கூரையின் கனத்தைக் கூட்டுகிறார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமே. ஆனால் வெள்ளம், காற்று, நில அதிர்வு ஆகிய மூன்றையும் தாங்க வேண்டியது ஒரே கட்டடம் என்பதால், ஒன்றுக்காகச் செய்த ஏற்பாடு மற்றொன்றுக்கு வழி திறந்துவிடுகிறது.

இதற்குத் தெளிவான உதாரணம், தரைத்தளத்தில் தூண்களை மட்டும் நிறுத்தி, கார் நிறுத்தக் காலியாக விடும் ஸ்டில்ட் அமைப்பு. வெள்ளநீர் தடையின்றிப் பாய்ந்து வெளியேற அது உதவுகிறது. ஆனால் மேல்தளங்கள் செங்கல் சுவர்களால் விறைப்பாக இருக்க, கீழே வெறும் தூண்களே நிற்பதால், நிலம் ஆடும்போது அசைவு முழுவதும் அந்தத் தூண்களில் குவிகிறது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. "சென்னையில் நிலநடுக்கமா?" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2002-இல் திருத்தப்பட்ட, நில அதிர்வைத் தாங்கும் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பு சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து அதைவிட அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. ஸ்டில்ட் வேண்டாம் என்பதல்ல. லிஃப்ட்டையும் படிக்கட்டையும் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்புவதும், அந்தத் தளத்தின் தூண்களைக் கூடுதல் வலுவோடு வடிவமைப்பதும் இன்றியமையாதவை.

தூணுக்குள் கம்பி கட்டும்போதே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. நெடுங்கம்பிகளைச் சுற்றும் ரிங்கின் முனையை 90 பாகையில் மடித்தால் ஆட்டத்தின்போது அது விரிந்துகொள்ளும். 135 பாகையில் உள்நோக்கி மடித்தால்தான் கம்பியையும் கான்கிரீட்டையும் இறுக்கிப் பிடிக்கும். பீமும் தூணும் சேரும் இடத்துக்கு அருகே ரிங்குகளின் இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கான்கிரீட் போட்டபின் இவற்றைப் பார்க்க முடியாது என்பதால், அதற்கு முந்தைய நாள் மாலை ஒரு டேப்போடு போய் நிற்பது வீட்டுக்காரர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மேற்பார்வை. அப்போதே, கம்பிக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி விட வைக்கும் சிறு கட்டிகளான கவர் பிளாக்குகளையும் பார்த்துவிடலாம். தூணில் கம்பிக்கு வெளியே குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இல்லையென்றால், உப்புக்காற்றில் கம்பி துருவேறி உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். பிறகு எந்தப் பேரிடரையும் அது தாங்காது.

சாலையைச் சுரண்டாமலே மேலுக்கு மேல் போட்டதால் பள்ளமாகிப்போன பழைய வீடுகளை ஜாக்கி வைத்து உயர்த்தும் வேலை இப்போது பரவலாகிவிட்டது. சுவரை அடித்தளத்திலிருந்து அறுத்து, சில அடி தூக்கி, இடைவெளியைச் செங்கல்லால் நிரப்புகிறார்கள். நீர் உள்ளே வராது என்பது உண்மைதான். ஆனால் பழைய அஸ்திவாரத்துக்கும் புதிய கட்டுக்கும் கம்பிப் பிணைப்பு இல்லையென்றால், பக்கவாட்டு விசை வரும்போது வீடு அந்த மட்டத்திலேயே நழுவ இடமுண்டு. பொறியாளரின் வரைபடம் இல்லாமல் இதில் இறங்குவது துணிச்சல் அன்று, அசட்டுத்தனம்.

கூரையில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. மொட்டைமாடியில் போடும் ஷீட்டைக் காற்று அழுத்துவதைவிட மேல்நோக்கி இழுப்பதே அதிகம். அதிலும் விளிம்பிலும் மூலையிலும் இழுப்பு மிகக் கடுமை. ஆகவே நடுவில் போடும் அதே இடைவெளியில் ஓரத்திலும் ஜே போல்ட் (ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போல்ட்) போடுவது போதாது. சென்னைக்கு வடிவமைப்பின் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மறுபுறம், காற்றுக்கு அஞ்சிக் கூரையின் கனத்தை ஏற்றிக்கொண்டே போனால், எடை கூடும் அளவுக்கு நில அதிர்வின் விசையும் கூடும். கனத்தைவிடப் பிணைப்புதான் முக்கியம்: கூரையைச் சுவரோடும், சுவரை லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு, ஜன்னலுக்கு மேலே, சுற்றிலும் ஓடும் கான்கிரீட் பட்டையோடும், அதை அஸ்திவாரத்தோடும் கட்டிவைப்பது காற்றுக்கும் அதிர்வுக்கும் சேர்த்தே உதவும்.

சுற்றுச்சுவரை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் 1 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 500 கிலோ எடைக்கு நிகரான விசை தள்ளும். அடிப்பகுதியில் நீர் வெளியேறத் துளைகள் விட்டால் இரு பக்கமும் நீர்மட்டம் சமமாகும். மின் பலகையையும் ஜெனரேட்டரையும் அந்த இடத்தில் இதுவரை ஏறிய வெள்ள மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். அவற்றைத் தாங்கும் சட்டத்தைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் அதிர்வில் கவிழாது.