நாள் முழுவதும் கான்கிரீட் தரையில் நிற்பவர்கள் காலணி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் தயாராகும் ஷூக்கள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. ஆனால், அந்த ஷூ கம்பெனிகளில் நின்றபடியே வேலை பார்த்துவிட்டு மாலையில் பேருந்து ஏற வருபவர்களில் பலரின் கால்களில் குதிகால் பக்கம் காகிதமாகத் தேய்ந்துபோன ரப்பர் செருப்புதான் இருக்கிறது. மண் தரை மிதிக்கும் காலுக்குச் சற்றே இடம் கொடுக்கும், கான்கிரீட் கொடுக்காது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நிற்பவருக்கு அந்த வேலை குறைந்துவிடுவதால் மாலைக்குள் பாதம் வீங்குகிறது. ஆகவே, காலையில் கடைக்குச் சென்று அளவு பார்ப்பதே முதல் தவறு. வேலை முடிந்த கையோடு சென்று, இரண்டு கால்களிலும் அணிந்து, நின்றபடி பார்க்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரலே நீளம் என்பதையும் மறக்கக் கூடாது.

பெரும்பாலோர் ஏமாறுவது மென்மையில்தான். கடையில் போட்டதும் பஞ்சுபோல் இருக்கும் சோல், உடல் எடை முழுவதும் மணிக்கணக்கில் அழுத்தும்போது தட்டையாகி, கான்கிரீட்டின் கடினத்தை அப்படியே காலுக்குக் கடத்திவிடும். இதற்கு நம் ஊரிலேயே நல்ல பாடம் உண்டு. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களைப் புண்ணிலிருந்து காக்கும் காலணிகளுக்காக உடன் பணியாற்றியவர்களோடு உழைத்தார். அந்த முயற்சிகளின் வழியே பரவிய எம்.சி.ஆர். (நுண்துளைகள் கொண்ட மென்மையான ரப்பர்) செருப்பில் காலைத் தாங்கும் மேலடுக்கு மென்மையாகவும், தரையைத் தொடும் அடிப்பகுதி உறுதியாகவும் இருக்கும். நின்று வேலை செய்பவரும் இந்த அமைப்பையே தேட வேண்டும். ஷூவுக்குள் பாதம் படும் அடுக்கான இன்சோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் அது அமுங்கி, விட்டதும் மீண்டு எழ வேண்டும். விரல் அடிவரை இறங்கினால் அந்த ஷூ வேண்டாம். குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவர் பிடித்து அழுத்தினால் மடங்கக் கூடாது. வளைத்துப் பார்த்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும்; நடுவில் இரண்டாக மடிவது பாதத்தின் வளைவைத் தாங்காது.

“போடப் போடச் சரியாகிவிடும்” என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். தோல் அகலத்தில் சிறிது இளகும், நீளத்தில் இளகாது.

மேலே பளபளப்பாக இருக்கிறது என்பதற்காகப் பழைய ஷூவையே தொடர்வதும் தவறு. அதை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் அதன் காலம் முடிந்துவிட்டது. வேலூர் வெயிலில் ஒரு நாள் வியர்வை இரவுக்குள் முழுதாகக் காய்வதில்லை என்பதால், இயன்றவர்கள் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றி அணிவது நல்லது.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் “கடிக்கவில்லை” என்ற உணர்வை நம்பிக் காலணி வாங்கவே கூடாது. கடித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, அவர் சொல்லும் காலணியையே வாங்க வேண்டும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் சுள்ளென்று வலிப்பவர்களும் கடைக்குப் போகும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.