அதிகாரத்தையும் பேராசையையும் பேசும் நூல்களைக் கூடி வாசிக்கும் முறை

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சனசமூக நிலையமும் அதன் வாசிகசாலையும் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்றாலும், காலையில் பத்திரிகை பார்க்க வருபவர்களைத் தவிர்த்துப் பார்த்தால், மாலை வேளையில் அந்த வாங்குகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடி, அதிகாரம், பேராசை, அதிகாரத்தை எதிர்த்து நிற்றல் ஆகியவற்றைப் பேசும் நூல்களை மட்டும் வாசிப்பது என்று தீர்மானித்தோம். முதல் மூன்று கூட்டங்களும் பயனற்றுப் போயின. கொடுங்கோலனைத் திட்டுவதில் எல்லோரும் ஒருமனப்பட்டார்கள். ஓய்வுபெற்ற ஒருவர் முக்கால் மணி நேரம் உரை நிகழ்த்தினார். நூலை ஒருவரும் திறக்கவில்லை. அதன் பிறகு நாங்கள் கண்டுகொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இத்தகைய நூல்களை வாசிக்கும்போது அரியணையில் இருப்பவரைப் பார்ப்பதைக் குறைத்து, அவரைச் சுற்றி நிற்பவர்களைப் பார்க்க வேண்டும் என்பதே அம்முறையின் அடிப்படை.

தொடக்கத்துக்குப் பெரிய நாவலை எடுக்க வேண்டாம். புறநானூற்றின் 184ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு அடிகள்தான்; உரையோடு சேர்த்து வாசித்தாலும் அரை மணி நேரம் போதும். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொல்லும் செய்தி வரி வாங்குவதைப் பற்றியது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் ஒரு மா அளவுக்குக் குறைந்த நிலம்கூட யானைக்குப் பல நாள் வரும். யானை தானே வயலுக்குள் புகுந்தால், நூறு வயலானாலும், வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம் என்கிறார். இந்த உவமை பலருக்கும் தெரியும். ஆனால், அதே பாடலின் எட்டாம் அடியை நாம் கடந்துபோய்விடுகிறோம். தகுதி அறியாமல் ஆரவாரம் செய்யும் சுற்றத்தோடு சேர்ந்து, அன்பு கெட வரி கொள்ள விரும்பும் அரசனே நாட்டையும் கெடுத்துத் தானும் உண்ணாமற் போவான் என்று புலவர் கூறுகிறார். யானையின் கால் எது என்ற கேள்வியைக் கூட்டத்தில் முன்வையுங்கள். அரசனின் பேராசையா, அந்தச் சுற்றமா? எங்கள் கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியே ஒரு மாலை முழுவதையும் எடுத்துக்கொண்டது.

அடுத்ததாக ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றையை மூன்று பத்திகளாகப் பிரித்துக் கோடிடுங்கள். முதலாவதில் உத்தரவு இட்டவர் யார், சரியாக என்ன சொன்னார் என்பதையும், இரண்டாவதில் அதைக் கையால் செய்து முடித்தவர் யார் என்பதையும், மூன்றாவதில் கண்டும் பேசாமல் இருந்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். வாசிக்கும்போதே எழுத வேண்டும்; பிறகு நினைவிலிருந்து எழுதினால் முதற்பத்தி மட்டுமே நிரம்பும்.

இந்த முறையின் பயனை உணரச் சிலப்பதிகாரத்தைவிடச் சிறந்த நூல் இல்லை. கண்ணகி அரசவையில் சிலம்பை உடைக்கும் காட்சியை நம்மவர்கள் கூத்தாகவும் நாடகமாகவும் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆதலால் வழக்குரை காதையிலிருந்து தொடங்காமல், அதற்கு முன்னே வரும் கொலைக்களக் காதையிலிருந்து தொடங்குங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். தன் களவை மறைக்க ஓர் ஆள் தேவைப்படும் நேரத்தில், விற்பதற்காகச் சிலம்போடு கோவலன் அவன் முன்னே வந்து நிற்கிறான். ஊடியிருக்கும் தேவியைச் சமாதானப்படுத்தப் போகும் வழியில் பாண்டியன் அவன் சொல்லைக் கேட்கிறான். ஆராயாமல் காவலரைக் கூப்பிட்டு, அந்தச் சிலம்பு கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவருமாறு சொல்கிறான். ‘இருக்குமானால்’ என்ற அந்த நிபந்தனையைக் கொப்பியில் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது அரசனின் வாயிலிருந்து புறப்பட்டு கொலைக்களத்துக்குப் போய்ச் சேரும் வழியில் காணாமற் போய்விடுகிறது.

இரண்டாம் பத்திக்கு வரும்போது காட்சி இன்னும் கூர்மையாகிறது. கோவலனைப் பார்த்த காவலர்கள், இவனுடைய தோற்றம் கொலைக்குரியவன் தோற்றம் அல்ல என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் உடனே அவர்களை நகையாடி, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களுக்கு எட்டுத் துணைகள் உண்டென்று ஒரு சாத்திரத்தையே விரிக்கிறான். மெய்யைக் கண்ணால் கண்டவர்களின் தயக்கத்தை, படித்தவன்போல் பேசுகிறவனின் சொல் அடக்கிவிடுகிறது. அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, கல்லாத, கள்ளுண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தயங்கியவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் எழுந்தது. மூன்றாம் பத்தியில்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து. அவர்கள் பேசினார்கள், ஆனால் தடுக்கவில்லை. எதிர்க் கருத்துச் சொன்னவர்களும் உண்டு. அதை இங்கே தீர்க்க நான் முயலவில்லை.

இதற்குப் பிறகே அரசவைக்குப் போங்கள். கண்ணகி ‘தேரா மன்னா’ என்று விளித்ததை நாம் கோபமாக மட்டும் படித்துப் பழகியிருக்கிறோம். ஆராயாதவனே என்பது அதன் பொருள். அது வசை அல்ல, குற்றப்பத்திரம். அவள் தன் சிலம்பில் உள்ள பரல் மாணிக்கம் என்கிறாள், அரசன் தங்களுடைய சிலம்பின் பரல் முத்து என்கிறான், பிறகே சிலம்பு உடைக்கப்படுகிறது. சான்று எது என்பதில் இரு தரப்பும் முதலிலேயே உடன்பட்டுவிட்ட பின் நடக்கும் சோதனை அது. அதிகாரத்தை எதிர்ப்பவர்களைப் பற்றிய எந்த நூலை வாசித்தாலும், அவர் எவ்வளவு உரத்துப் பேசினார் என்பதை விட்டுவிட்டு, எதைச் சான்றாக வைத்தார் என்று தேடும் பழக்கத்தை இந்தக் காட்சியிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

எதிர்ப்பதற்கு வேறு வழிகளும் உண்டு என்பதற்குப் புறநானூற்றின் 46ஆம் பாடலைச் சேர்த்து வாசியுங்கள். மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போகும் சோழன் கிள்ளிவளவனிடம் புலவர் கோவூர்கிழார் சான்று எதையும் காட்டவில்லை. நீ புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் என்று நினைவூட்டுகிறார். யானையைக் கண்டதும் அழுகையை மறந்து, கூடியிருப்போரை மருண்டு பார்க்கும் குழந்தைகளைக் காட்டுகிறார். கேட்டாய், இனி நீ விரும்பியதைச் செய் என்று முடித்துக்கொள்கிறார். அந்தக் கடைசி அடியைச் சத்தமாக இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள். பணிவா, அதட்டலா என்று ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்கும்.

எதிர்த்தவர் கைக்கு வலிமை வந்த பின் அவர் என்ன செய்தார் என்பதையும் விடாமல் கேட்க வேண்டும். மதுரையை எரிக்கும் நெருப்புக்குக் கண்ணகி ஒரு விலக்குப் பட்டியல் கொடுக்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுத் தீயவர்களிடம் மட்டும் சேரச் சொல்கிறாள். அந்தப் பட்டியலில் யார் இல்லை என்று ஒரு பள்ளி மாணவி எங்கள் கூட்டத்தில் கேட்டபோது, மூத்தவர்கள் சற்று நேரம் பேசவில்லை. இதே கேள்வியை ஜோர்ஜ் ஓர்வெல் 1945இல் வெளியிட்ட விலங்குப் பண்ணைக்கும் கொண்டுபோகலாம். அந்த நூல் நன்கு அறியப்பட்டது என்பதால் பன்றிகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பெஞ்சமின் என்ற கழுதையை மட்டும் பின்தொடருங்கள். எந்தப் பன்றிக்கும் குறையாமல் வாசிக்கத் தெரிந்த அது, சுவரில் எழுதிய கட்டளை மாற்றப்பட்டிருக்கிறதா என்று குளோவர் என்ற குதிரை வாசித்துக் காட்டக் கேட்கும்போது, இவ்விடயங்களில் தலையிடுவதில்லை என்று மறுத்துவிடுகிறது. கல்வியைப் பெருமையாகப் பேசும் நம் ஊரில் அந்தக் கழுதைக்கு ஒரு தனிக் கூட்டமே ஒதுக்கலாம்.

பேராசையைப் பற்றி வாசிக்கும்போது மனிதரின் குணத்தை ஆராய்வதைவிடப் பொருளின் வழியைத் தொடர்வது பயன் தரும். டோல்ஸ்டோய் 1886இல் எழுதிய, ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று கேட்கும் சிறுகதையை எல்லோரும் அதன் முடிவுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்: ஒரு பகலில் நடந்து சுற்றி வரும் நிலம் முழுவதும் ஆயிரம் ரூபிளுக்குச் சொந்தம் என்று கேட்டு ஓடிய பாகோம் விழுந்து இறக்க, ஆறடி போதுமாகிறது. நான் பரிந்துரைப்பது கதையின் முன்பகுதியை. அயலில் உள்ள காணிச் சொந்தக்காரியின் மேற்பார்வையாளன், மாடு எல்லை தாண்டியது என்று தண்டம் வாங்கி வாங்கிப் பாகோமை வருத்துகிறான். பாகோம் தனக்கென்று காணி வாங்கியதும், தன் காணிக்குள் மாட்டை விட்ட அயலவர்மேல் வழக்கு வைத்துத் தண்டம் வாங்குகிறான். வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் தள்ளி நடும் கலையையும், அதற்காகத் தலைமுறை கடந்து நடக்கும் வழக்கையும் அறிந்த நமக்கு இந்தப் பகுதிக்கு விளக்கவுரை தேவையில்லை. ஆனால் கூட்டத்தில் உண்மையான வேலிப் பிணக்கு ஒன்றை யாரும் இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; எங்களுக்கு ஒருமுறை அது நேர்ந்து, இருவர் அடுத்த மாதம் வரவில்லை.

கடினமான பகுதி நம் மண்ணில் எழுந்த நூல்களில்தான் இருக்கிறது. அளவெட்டியைச் சேர்ந்த கவிஞர் மஹாகவி (உருத்திரமூர்த்தி), ஊர் கூடி இழுக்கும் தேரின் வடத்தைப் பிடிக்க வந்த ஒருவனுக்கு நேர்ந்ததைத் ‘தேரும் திங்களும்’ என்ற கவிதையில் எழுதினார். சாதி ஒடுக்குமுறையைப் பேசும் கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972இல் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் முன்னே நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் வெம்மை அப்போது ஆறியிருக்கவில்லை. இவற்றை வாசிக்கும்போது, அரசன் எங்கோ இருக்கிறான் என்ற வசதி நமக்குக் கிடைக்காது. அந்தக் காலத்து இரு பக்கத்தவரின் பேரப்பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருப்பார்கள். ஆதலால் சில ஏற்பாடுகள் வேண்டும். எந்தக் குடும்பத்தின் பெயரையும் சொல்வதில்லை என்று முதலிலேயே உடன்படுங்கள். நூலில் வரும் ஒரு காட்சியைக் குறித்துத்தான் கருத்துச் சொல்லலாம், அதுவும் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டிய பின்னர்தான். இளையவர் முதலில் பேசட்டும். ஐயா ஒருவர் முடிவுரைபோல ஒன்றைச் சொல்லிவிட்டால், பிறகு பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. தேநீர் கொடுப்பதாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே வகைக் கோப்பையில் கொடுங்கள். இதைச் சொல்லவும் வேண்டுமா என்று கேட்பவர்கள் டானியலை இன்னும் வாசிக்கவில்லை.

விடுதலை இயக்கங்களுக்குள் நடந்த அதிகாரத்தைப் பேசும் நூல்களைக் கடைசிக்கு வைத்திருங்கள். கோவிந்தன் என்ற புனைபெயரில் 1985இல் வெளிவந்த ‘புதியதோர் உலகம்’, ஓர் இயக்கத்தின் உள்ளே நம்பிச் சென்ற இளைஞர்கள் கண்டதைச் சொல்லும் நாவல். ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ஒருவரான, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கே வாசிக்க வருபவர்களில் பிள்ளையை இழந்த பெற்றோரும் இருக்கக்கூடும். அவர்கள் எழுந்து வெளியே விறாந்தைக்குப் போனால் ஏன் என்று கேட்கக் கூடாது. மூன்று பத்திக் கொப்பியை இந்த நூல்களுக்கும் பயன்படுத்துங்கள். ஆனால் மூன்றாம் பத்தியைச் சத்தமாக வாசிக்க வேண்டாம், அவரவர் கொப்பியிலேயே இருக்கட்டும்.

நூல்களைப் பெறுவது இப்போது அவ்வளவு சிரமமல்ல. 1981 மே மாத இறுதி இரவில் தொடங்கி ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் மீண்டும் இயங்குகிறது. சங்க இலக்கிய உரைகளை அங்கே இருந்து வாசித்துக் குறிப்பெடுக்கலாம். ஈழத்து நூல்கள் பலவற்றின் பழைய பதிப்புகள் கடையில் கிடைக்காவிட்டாலும், 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். ஒரு கூட்டத்துக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் எடுக்க வேண்டாம், அதையும் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். வீட்டில் வாசித்துவிட்டு வருவதாகச் சொல்பவர்களில் பாதிப் பேர் வாசிப்பதில்லை, நானும் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கிறேன். ஆண்டின் இறுதியில் 184ஆம் பாடலை மறுபடியும் எடுத்து, யானையின் கால் எது என்ற பழைய கேள்விக்கு முதல் மாதம் கொப்பியில் எழுதிய விடையின் கீழே புதிய விடையை எழுதுங்கள்.