ஐஸ் எடுப்பவர்களின் பல்: சேதம் எங்கே தொடங்குகிறது, எப்படிக் குறைப்பது

இலங்கையில் 'ஐஸ்' என்று சொல்லப்படும் மெத்தம்பெட்டமைன், அமிலம்போல் பல்லை நேரடியாக அரித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் எச்சில் வற்றுவது. வாயில் சேரும் அமிலத்தைக் கழுவி, பல்லின் கடினமான மேலுறையான எனாமல் இழந்த சுண்ணாம்புச் சத்தைத் திருப்பித் தருவது எச்சில்தான். வாயின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையும். நாக்கு வறண்டவர் கை, அமிலமும் சர்க்கரையும் கலந்த கோலா பாட்டிலுக்குத்தான் போகும். மணிக்கணக்கில் மிடறு மிடறாகக் குடித்தால் எனாமல் தேறுவதற்கு இடைவெளியே கிடைக்காது. போதாததற்குத் தாடை இறுகிப் பல் நறநறவென்று தேயும்.

கண்ணாடி முன் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்பற்களின் இடுக்கிலும் ஈறோரத்திலும் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிய வெள்ளைத் தடம் தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். ஃபுளோரைடு வைத்து இந்தக் கட்டத்தில் நிறுத்தலாம். பழுப்பேறிக் குழி விழுந்துவிட்டால் பல் மருத்துவர்தான் அடைக்க வேண்டும்.

பக்கத்தில் வெறும் தண்ணீர் இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். எக்ஸ்டஸி எனப்படும் எம்டிஎம்ஏ போதைப்பொருள் எடுத்தவர் லிட்டர் கணக்கில் குடிக்கக் கூடாது. இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரையில்லாத, சைலிட்டால் சேர்த்த சூயிங்கம் எச்சிலைச் சுரக்க வைக்கும். தாடை வலித்தால் மெல்லுவதை நிறுத்திவிடுங்கள்.

வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதீர்கள்; இளகியிருக்கும் எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடுவீர்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துத் துலக்குங்கள். பற்பசையில் ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்க வேண்டும். இரவில் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் வாயை இன்னும் காயவைக்கும்.

கொக்கைனை ஈறில் தேய்ப்பது தனிக் கேடு. இரத்தக் குழாய்கள் சுருங்கி அந்த இடம் புண்ணாகும், ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியும். மரத்துப்போவதால் வலி தெரியாது, ஆகவே தாமதமாகத்தான் கவனிப்பார்கள்.

பல் மருத்துவரிடம் எதை மறைத்தாலும் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும், இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் என்ற மருந்து இருக்கும். ஐஸோ கொக்கைனோ உடலில் இருக்கும்போது அதுவும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் எகிறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். கடைசியாக எடுத்ததிலிருந்து குறைந்தது 24 மணி நேரம் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே வழக்கம். வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். உண்மையைச் சொன்னால் அட்ரினலின் இல்லாத ஊசியைப் போட அவரால் முடியும்.