ப்ளூஸுக்கு ஒரு பழைய கிட்டார்: வாங்குவது முதல் கம்பி பூட்டுவது வரை

ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களிடையே பிறந்த இசை) வாசிக்கப் பழைய அக்கூஸ்டிக் கிட்டார் தேடுபவர்கள் மார்ட்டின், கிப்சன் விலைகளைப் பார்த்து மலைத்துவிடுகிறார்கள். மலைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் அஞ்சல் வழியாக எளிய மக்களுக்கு விற்கப்பட்ட ஸ்டெல்லா, ஹார்மனி, கே, சியர்ஸ் நிறுவனத்தின் சில்வர்டோன் ஆகியவைதான் இந்த இசையின் சொந்தக் கருவிகள். ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லியின் கையில் இருந்ததே 12 கம்பி ஸ்டெல்லாதான்.

இவற்றின் மேற்பலகைக்கு அடியில் சட்டங்கள் ஏணிப்படி போலக் குறுக்காக ஒட்டப்பட்டிருக்கும். இதுதான் லேடர் பிரேசிங். தட்டியதும் ஒலி பளிச்சென்று எழும்பிச் சட்டென்று அடங்கும். கட்டைவிரல் ஓயாமல் அடிக்கும் தடித்த கம்பிகளின் ஒலி மெல்லிய கம்பிகளின் மெட்டோடு குழம்பாது. சிலர் இந்தச் சட்டங்களைப் பிடுங்கிவிட்டு எக்ஸ் பிரேசிங் (எக்ஸ் எழுத்துப் போலக் குறுக்கிடும் சட்டங்கள்) போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்த ஒலிக்காக வாங்கினீர்களோ அதுவே போய்விடும்.

முதல் கிட்டாராக நான் பரிந்துரைப்பது ஹார்மனி சாவரின் எச்1260. மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம், பின்பலகையும் பக்கப்பலகையும் மஹோகனி, எல்லாமே ஒட்டுப்பலகை அல்லாத முழுப்பலகை. ஒலித்துளை வழியாக விளக்கடித்துப் பார்த்தால் எஃப்-63, எஸ்-58 என்பதுபோல முத்திரை தெரியும். அந்த எண்தான் செய்த ஆண்டு. சிகாகோவில் இருந்த பழைய ஹார்மனி 1975இல் மூடப்பட்டுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கும் முன் விற்பவரிடம் இரண்டு படங்கள் கேளுங்கள். ஒன்று, பக்கவாட்டில் 12ஆவது ஃப்ரெட்டில் (விரல் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கம்பியின் உயரம். மற்றொன்று, நெக்கும் (கிட்டாரின் கழுத்து) உடலும் சேரும் இடம், மிக அருகில். அந்த மூட்டில் மெல்லிய இருட்டுக் கோடு தெரிந்தால் நெக் பெயர ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கீறல், நிறம் மங்கல், விடுபட்ட சுருதிச் சாவி எல்லாம் பொருட்டே இல்லை. பழைய வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து மறுபூச்சு அடிக்கும் எண்ணமும் வேண்டாம்.

இனி முக்கியமான இடம். கம்பி ஃப்ரெட்டிலிருந்து எட்டாத உயரத்தில் நின்றால் உடனே நெக்கைக் கழற்றி மறுபடி கோணம் வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். உள்ளே ஒரு சட்டம் பெயர்ந்திருந்தாலே மேற்பலகை பிரிட்ஜுக்கு (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் கட்டை) பின்னால் புடைத்துக்கொள்ளும், பிரிட்ஜ் உயரும், அதோடு கம்பியும் உயரும். எனவே சட்டங்களை ஒட்டிய பிறகுதான் நெக்கின் கோணத்தை அளக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் செய்த வேலையை மீண்டும் செய்ய வேண்டி வரும்.

கம்பிகளைத் தளர்த்திவிட்டு, விரல் முட்டியால் மேற்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும். பெயர்ந்த இடம் சலசலக்கும். அங்கே கண்ணாடியும் விளக்கும் வைத்துப் பாருங்கள். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்தால் நோய் தெரிந்துவிட்டது.

ஒட்டுவதற்கு என் தேர்வு விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வஜ்ஜிரப் பசைதான். பழைய வஜ்ஜிரத்தின் மேல் புது வஜ்ஜிரம் பிடிக்கும். வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. எபாக்சி பக்கமே போகாதீர்கள், நாளைக்கு யாராலும் பிரிக்க முடியாது. பசையை வெந்நீரில் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்குங்கள். அது நொடிகளில் இறுகத் தொடங்கும் என்பதால் ஒட்டும் இடத்தையும் ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்குங்கள். மெல்லிய தகட்டால் பசையை இடுக்கின் ஆழம்வரை தள்ளி, கிளாம்ப் போட்டு ஓர் இரவு விடுங்கள். கிளாம்பைப் பசையில்லாமல் ஒருமுறை ஒத்திகை பார்த்த பிறகே பசைக் கிண்ணத்தைத் திறக்க வேண்டும்.

இப்போது நீளமான நேர்விளிம்புக் கோல் ஒன்றை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து பிரிட்ஜ்வரை நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டால் நல்லது. பிரிட்ஜின் முகத்தில் பல மில்லிமீட்டர் கீழே இடித்தால் நெக்கைக் கழற்றியே ஆக வேண்டும். ஃப்ரெட்டைப் பிடுங்கித் துளையிட்டு நீராவி செலுத்தும் வேலை அது. தொடக்கநிலையில் நீங்கள் செய்யாதீர்கள், நல்ல பட்டறையிடம் கொடுங்கள். கூலி கிட்டாரின் விலையைத் தாண்டலாம். வாங்கும்போதே படம் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

சிறு வேறுபாடாக இருந்தால் சேடிலை (பிரிட்ஜின் மேல் கம்பிகள் அமரும் மெல்லிய துண்டு) தேய்த்துச் சரிசெய்யலாம். 12ஆவது ஃப்ரெட்டில் 1 மி.மீ. குறைய, சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். விரலால் மட்டும் வாசிப்பவருக்குத் தடித்த கம்பியின் பக்கம் 2.5 மி.மீ. போதும். ஸ்லைடு (விரலில் குழாய் மாட்டிக் கம்பியின் மேல் வழுக்கி வாசிப்பது) வாசிப்பவர் 3 மி.மீ.க்குக் கீழே இறக்க வேண்டாம், குழாய் ஃப்ரெட்டில் இடிக்கும்.

கம்பி 11 அளவுக்கு (மிக மெல்லிய கம்பி 0.011 அங்குலத் தடிமன்) மேல் வேண்டாம். இந்தக் கிட்டார்கள் பலவற்றில் நெக்கைத் திருத்தும் டிரஸ் ராட் கிடையாது; வளைந்தால் வளைந்ததுதான். பாஸ்பர் பிரான்ஸ் கம்பிகள் 1970களில் வந்தவை. அவற்றைவிட மோனல் (நிக்கல், செம்பு கலந்த உலோகம்) கம்பியின் வறண்ட ஒலி இந்தப் பெட்டிக்கு நன்றாகப் பொருந்துகிறது. சுருதியை ஓப்பன் டி (டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி) அல்லது ஓப்பன் ஜி (டி-ஜி-டி-ஜி-பி-டி) என இறக்கி வைத்தால் இழுவிசை குறையும், ஸ்லைடும் இனிக்கும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கான பதில். ஹார்மனி பிரிட்ஜ் சூடாக்கியும் கழல மறுத்தால், அதன்மேல் உள்ள வெள்ளைப் பொட்டுகளைப் பெயர்த்துப் பாருங்கள். அடியில் போல்ட் இருக்கும், முதலில் அதைக் கழற்றுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ஏதேனும் ஒரு பாகம் பிரேசில் ரோஸ்வுட்டா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை கடந்தால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம்.