கிற்றார் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதீர்கள்

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ கிற்றார் பழகத் தொடங்கியவர் மூன்று மாதத்துக்குள் அதைக் கைவிட்டால், "உவருக்கு இசை வராது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மை இல்லை. பயிற்சியை நாளின் எந்த இடத்தில் வைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நகத்தை ஒட்ட வெட்டு, சுருதி சேர்த்துவிட்டு வாசி, தந்தி மீட்டும் பிக்கை நசுக்கிப் பிடிக்காதே என்பவற்றை முதல் வகுப்பிலேயே எவரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறோம். பழக வரும் ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளும், முந்திய தொகுதி விட்ட அதே பிழைகளையே விடுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. கீழே உள்ள தலைப்பு ஒவ்வொன்றும் அப்படி ஒரு பிழை.

மணிக்கூட்டைப் பார்த்து நேரம் குறிப்பது

"பின்னேரம் 6.00 – 7.00 கிற்றார்" என்று மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். பாடசாலை 1.30க்கு விட்டாலும் ரியூசன் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் பஸ்ஸை நம்பி வேலைக்குப் போய்வருகிறவருக்கு வீடு சேரும் நேரம் ஒரு நாளைப்போல் மறுநாள் இல்லை. 6.00 மணி தவறினால் அந்த நாளே தவறிவிட்டது என்று மனம் கணக்கை மூடிவிடும்.

எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு பயிற்சியைக் கட்டுங்கள். தேத்தண்ணி குடித்துக் கோப்பையை வைத்ததும். விளக்கேற்றியதும். கடையைப் பூட்டிவிட்டு வந்து கால் கழுவியதும். தேத்தண்ணி ஐந்துக்கும் வரலாம், ஏழுக்கும் வரலாம்; கிற்றார் அதன் பின்னால் வரும். "படுக்கப் போகமுன்" என்று மட்டும் வைக்காதீர்கள். அது நித்திரை தூங்கிக்கொண்டு வாசிப்பதில் முடியும், வீட்டில் மற்றவர்களுக்கும் தொந்தரவு.

வயல் செய்யும் வீடுகளுக்கு இன்னொன்றும் உண்டு. காலபோக விதைப்பும், தை மாசி அறுவடையும் வரும் கிழமைகளில் வழமையான அளவை எதிர்பார்க்காதீர்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகமும் செய்பவர்களுக்கு இது வருடத்தில் இரண்டு முறை வரும். அந்தக் கிழமைகளுக்கு 5 நிமிடம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். ஐந்தும் பயிற்சிதான். விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குவதுதான் கஷ்டம்.

ஞாயிறு சேர்த்து அடிப்பது

"கிழமை நாளில நேரமில்லை. ஞாயிறு மூண்டு மணித்தியாலம் இருந்து அடிக்கிறன்."

இதைக் கேட்டால் இப்போதும் கோபம் வருகிறது. அக்கறை இல்லாத பிள்ளை இப்படிச் சொல்வதில்லை. நன்றாக வாசிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்படும் பிள்ளைதான் சொல்லும். அந்த ஆசைதான் வீணாகிறது.

விரலில் இருந்து தொடங்குவோம். இடது கை விரல் நுனியின் தோல் தடிப்பது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் படுவதால். நாளுக்கு 15 நிமிடம் வாசிப்பவருக்கு மூன்று நான்கு கிழமையில் நுனி இறுகத் தொடங்கும். ஒரே நாளில் மூன்று மணித்தியாலம் அழுத்தினால் தோல் கொப்பளிக்கும். உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவர் இரண்டு மாதமாக இப்படியே பழகினார். ஞாயிறு பின்னேரம் மோதிர விரல் நுனியில் தந்தி பதிந்த கோடு சிவந்து, நடுவில் நீர் கோத்திருக்கும். புதன் வரைக்கும் தொட்டால் நோகும். வெள்ளிக்கிழமை மேல்தோல் உரிந்து கீழே இளந்தோல் தெரியும். அடுத்த ஞாயிறு அந்த இளந்தோலின் மேல் திரும்பவும் மூன்று மணித்தியாலம். இரண்டு மாதம் கழித்தும் அவருடைய விரல் முதல் நாள் இருந்த விரலாகவே இருந்தது. வலி தாங்கத் தெரியாதவர் என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். அவர் தாங்கிய வலியில் பாதிகூட மற்றவர்கள் தாங்கவில்லை.

அடுத்தது, கை பழகுவது வாசிக்கும் நேரத்தில் மட்டும் நடப்பதில்லை. பழகிய அசைவை மூளை படியவைப்பதில் பெரும்பங்கு நித்திரைக்கு உண்டு. நேற்றிரவு தட்டுத்தடுமாறிய ஜி – சி கோர்ட் மாற்றம் (கோர்ட் என்பது சில தந்திகளை ஒன்றாக அழுத்தும் பிடி) இன்று முதல் முயற்சியிலேயே கொஞ்சம் இலகுவாக வருவது இதனால்தான். நாளாந்தம் பழகுகிறவருக்குக் கிழமையில் ஏழு இரவு கிடைக்கிறது. ஞாயிறு மட்டும் பழகுகிறவருக்கு ஒரேயொரு இரவு. பிறகு ஆறு நாள் மறப்பதற்கு.

களைத்த கை பிழையைப் பழகும் என்பதையும் கவனியுங்கள். முக்கால் மணித்தியாலம் தாண்டியதும் புதியவரின் பெருவிரல் கிற்றாரின் கழுத்தைப் பின்னாலிருந்து நெரிக்கத் தொடங்கும். தோள் உயரும், மணிக்கட்டு மடியும். ஜி-யில் இருந்து சி-க்குப் போகையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இறங்கிய பிறகு மோதிர விரல் கடைசியாக வந்து சேரும். அது இருக்க வேண்டிய இடம் 5ஆம் தந்தியின் (தந்திகளை மெல்லியதில் இருந்து எண்ணுவார்கள்) 3ஆம் பிரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில் மூன்றாவதன் கட்டம். சி கோர்ட்டில் வலது கை முதலில் அடிப்பது அந்தத் தந்தியைத்தான். ஆகவே முதலில் வரவேண்டிய விரல் கடைசியாக வருகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சின்ன ஓட்டை விழுகிறது. மீதி இரண்டு மணித்தியாலத்தில் இந்தப் பிழையை நூற்றுக்கணக்கான தடவை செய்து கைக்குப் பாடமாக்கிவிடுவார்கள். அதைக் கழற்ற எடுக்கும் காலம், சரியாகப் பழக எடுக்கும் காலத்தைவிடக் கூட. மணிக்கட்டு நோவு வந்துவிட்டால் இன்னும் சில கிழமைகள் போய்விடும்.

இதெல்லாம் போக, வன்னியில் ஞாயிறு யாருடைய கையிலும் இல்லை. பூசை, அறநெறி வகுப்பு, கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு, வயலுக்கு மருந்தடி, ஊர்ச் சிரமதானம். ஒரு ஞாயிறு தவறினால் இரண்டு பயிற்சிக்கு நடுவில் 14 நாள்.

இதற்கு மாற்று, நாளுக்கு 15 நிமிடம். கிழமைக்கு 105 நிமிடம்தான். ஞாயிறு மூன்று மணித்தியாலத்திலும் குறைவு. ஆனால் அந்தப் பதினைந்தும் நிறைந்திருக்க வேண்டும். முதல் நிமிடம் சுருதிக்கு. சுருதி காட்டும் கிளிப் ரியூனரைக் கிற்றாரின் தலையிலேயே விட்டுவிட்டால் தேடும் நேரம் மிச்சம். அடுத்த 4 நிமிடம் ஒரேயொரு கோர்ட் சோடி. போனில் 60 நொடி வைத்து, எத்தனை தடவை சுத்தமாக மாறியது என்று எண்ணுங்கள், கொப்பியில் எழுதுங்கள். சி-க்கு வரும்போது மோதிர விரலை முதலில் கொண்டுபோங்கள். நிமிடத்தில் 30 தடவை வந்தால் அந்தச் சோடியைப் பாட்டுக்கு எடுக்கலாம். பிறகு 5 நிமிடம் தாளம் தட்டும் மெற்றோனோமோடு: வேகம் நிமிடத்துக்கு 60 தட்டு, ஒரு கோர்ட்டுக்கு நான்கு அடி. ஒரு நிமிடம் தடங்கலின்றிப் போனால் மறுநாள் 65. கடைசி 5 நிமிடம் பாட்டில் இடறும் இடத்துக்கு. இன்னும் அரை மணித்தியாலம் கிடைத்தால் தாராளமாக வாசியுங்கள். ஞாயிறும் வாசியுங்கள், இடையில் கையை ஆறவிட்டு.

வீடியோ பார்த்ததைப் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பது

பார்த்தது கண். விரலுக்கு அது தெரியாது.

கிற்றாரை உறைக்குள் போட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றுவது

பத்திரமாக வைக்கிறோம் என்றுதான் ஏற்றுகிறார்கள். கதிரை இழுத்து, ஏறி, இறக்கி, சிப்பைத் திறக்க இரண்டு நிமிடம். களைத்து வந்த பின்னேரத்தில் அந்த இரண்டு நிமிடமே போதும், "நாளைக்குப் பார்ப்பம்" என்று விடுவதற்கு. தகரக் கூரை வீட்டில் அலுமாரியின் மேல்தான் வெக்கையும் அதிகம். தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிஜ்ஜைக் கிற்றாரில் ஒட்டியிருப்பது பசை. கடும் வெக்கையில் அது இளகினால் தந்தியின் இழுவைக்குப் பிரிஜ் கிளம்பிவிடும்.

தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் இருந்து கண்ணில் படுகிற உள்சுவரில், றப்பர் போட்ட கொளுக்கியிலோ ஸ்டாண்டிலோ வையுங்கள். யன்னல் வெயில் படக்கூடாது. கார்த்திகை, மார்கழி மழையில் ஈரம் ஊறும் சுவரில் தொங்கவிட வேண்டாம். வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் தந்திகளை மேலும் கீழும் ஒருமுறை துடையுங்கள். வியர்வை படிந்த தந்தி மழைக்காலத்தில் விரைவில் கறள் பிடிக்கும். கறள் தந்தி விரலைக் கீறும், கீறினால் மனம் பின்வாங்கும்.

குளித்த கையோடு வாசிப்பது

கிணற்றடியில் உடுப்புத் தோய்த்து, குளித்து வந்த கையின் தோல் ஊறி மெதுமெதுவென்று இருக்கும். அதில் தந்தி ஆழமாக வெட்டும், கட்டிவந்த தடிப்பும் உரியும். அரை மணித்தியாலம் பொறுங்கள், அல்லது வாசித்துவிட்டுக் குளியுங்கள்.

உயர்ந்த தந்தியோடு மல்லுக்கட்டுவது

"நேரமிருக்கு, எடுக்க மனம் வருகுதில்லை" என்பவர்களின் கிற்றாரை ஒருமுறை அளந்து பாருங்கள். 12ஆம் பிரெட்டில் பள்ளிக்கூட அடிமட்டத்தை நிறுத்தி, பிரெட்டின் மேற்பக்கத்துக்கும் 6ஆம் தந்தியின் கீழ்ப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2.5 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. 4 மில்லிமீற்றர் என்றால் எந்தப் புதியவருக்கும் அது தண்டனை.

செலவில்லாத வழி, ஆறு தந்தியையும் அரைச் சுருதி இறக்கி வைப்பது. அடுத்து, தடித்த 12 சைஸ் தந்திக்குப் பதிலாக மெல்லிய 10 சைஸ் போடுவது. அதற்கும் சரிவராவிட்டால் பிரிஜ்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் சாடிலின் அடிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். சாடிலில் 2 மில்லிமீற்றர் குறைத்தால் 12ஆம் பிரெட்டில் 1 மில்லிமீற்றர் குறையும். கூடத் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள்.

கரன்ட் இல்லை என்று விடுவது

மரக் கிற்றாருக்குக் கரன்ட் தேவையில்லை. விரலைப் பார்க்காமல் கோர்ட் மாற்றப் பழக இருட்டுத்தான் நல்லது.

பாட்டை ஒவ்வொரு நாளும் முதலில் இருந்து தொடங்குவது

பல்லவி நன்றாக வரும், அதனால் அதையே வாசிப்பார்கள். சரணத்தில் எஃப் கோர்ட் வந்ததும் கை நிற்கும், திரும்பப் பல்லவி. இப்படி ஒரு மாதம் போனால் பல்லவி இன்னும் நன்றாக வரும், எஃப் வராது. இடறும் கோர்ட்டுக்கு முந்திய ஒரு வரியும் அதன் பிந்திய ஒரு வரியும் எடுத்து, 50 வேகத்தில் அந்த இரண்டை மட்டும் சுற்றுங்கள். எஃப்-ஐ முழுப் பாரேயாக (சுட்டுவிரலால் ஆறு தந்தியையும் சேர்த்து அழுத்தி) பிடிக்க இப்போதே வேண்டாம். கீழிருந்து நான்கு தந்தியில் மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் போதும்.

தவறிய நாளை அடுத்த நாளோடு சேர்ப்பது

நேற்று விட்டுவிட்டதால் இன்று 30 நிமிடம் என்று போடாதீர்கள். கடன் மூன்று நாளில் முக்கால் மணித்தியாலமாகும், கிழமை முடிவில் அது ஞாயிறு சேர்த்து அடிப்பதில்தான் வந்து நிற்கும். தவறிய நாளின் கட்டத்தைக் கொப்பியில் வெறுமையாக விட்டுவிட்டு, இன்று அதே 15 நிமிடம் வாசியுங்கள்.