ஓடாத காருக்கு எதற்கு சர்வீஸ்?

கார் வாங்கி ஓராண்டு முடிந்தபோது மீட்டரில் 3,800 கிலோமீட்டர்தான் காட்டியது. கையேட்டில் 10,000 என்று போட்டிருந்ததால், பாதி தூரம்கூட வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். ஒரு நாள் சும்மா பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தேன். உட்புறத்தில் காப்பி நுரை நிறத்தில் ஏதோ களிம்பு அப்பியிருந்தது. தொட்டால் வழவழவென்று விரலில் ஒட்டியது. இன்ஜின் போய்விட்டது என்றே பதறினேன். மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். போக இரண்டு, வர இரண்டு என்றேன். "அதுதான் விஷயம்" என்றார்.

எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கிவிடும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரைமணி நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாக வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தினால், அது குளிர்ந்து தண்ணீராகி ஆயிலோடு கலக்கிறது. எரியாத பெட்ரோலும் கூடச் சேர்ந்து ஆயிலின் வீரியத்தைக் குறைக்கிறது. ஆகவே குறைவாக ஓடும் கார் ஓய்வெடுக்கிறது என்ற கணக்கே தப்பு. (இதே களிம்போடு, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தின் அளவும் குறைந்துகொண்டே வந்தால் கதை வேறு. இன்ஜின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம், உடனே காட்ட வேண்டும்.)

என் கையேட்டை மறுபடி படித்தேன். "10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அது" என்றுதான் இருந்தது. பாதி வரியை மட்டும் படித்தது நான். உங்கள் கார் தயாரிப்பாளர் வேறு எண்களைக் கொடுத்திருக்கலாம். ஆனால் தூரம், காலம் என்ற இரண்டு கணக்கும் அநேகமாக இருக்கும்.

அதே கையேட்டில் பலரும் திருப்பாத இன்னொரு பக்கம் உண்டு: கடுமையான பயன்பாட்டுக்கான அட்டவணை. பெயரைப் பார்த்ததும் அது பாலைவனத்தில் ஓடும் ஜீப்புக்கு என்று தள்ளிவிடுகிறோம். உள்ளே பார்த்தால் குறுகிய தூரப் பயணம், நெரிசலில் நின்று நின்று போவது, இன்ஜினை ஓடவிட்டு நீண்டநேரம் காத்திருப்பது, புழுதிச் சாலை என்று பட்டியல் போகிறது. நம்மைப் பார்த்தே எழுதியது போல இருக்கும். அதில் ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் மாற்றுவதற்கான இடைவெளி குறைவு.

அடுத்தது பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில், பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சுவது அதன் குணம். கார் நின்றிருந்தாலும் உறிஞ்சும். டாட் 4 (DOT 4) என்ற தர வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீத நீர் சேர்ந்த நிலைக்கு அதே விதி வைத்திருக்கும் அளவு 155 டிகிரிதான். நீண்ட மலைச்சாலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது சூடு அந்த எல்லையைத் தொட்டால், திரவத்துக்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். பெடல் பஞ்சு போல உள்ளே போகும். அளவு குறையவில்லை என்பதற்காக இதை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விடுவதுதான் பெரிய தவறு. பல கார்களுக்கு இரண்டு ஆண்டு என்பது கெடு. அளவு குறைந்தால் வெறுமனே ஊற்றி நிரப்புவதும் சரியில்லை. பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், எங்காவது கசியலாம்.

டாஷ்போர்டு விளக்கு எரியும்வரை காத்திருப்போம் என்பவர்களும் இருக்கிறார்கள். சர்வீஸ் நினைவூட்டலும் சிவப்பு ஆயில் கேன் விளக்கும் ஒன்றல்ல. முன்னது சர்வீஸுக்குத் தேதி குறிக்கச் சொல்கிறது. பின்னது ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்கிறது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். வீடு போய்ச் சேரலாம் என்று ஓட்டினால் இன்ஜினே மிஞ்சாது.

கெட்டியான ஆயில் பாதுகாப்பு என்ற நம்பிக்கை பழைய வண்டிகளின் காலத்து மிச்சம். 0டபிள்யூ-20 (0W-20) என்ற மெல்லிய ரக ஆயிலைக் கேட்கும் இன்ஜினில், பாகங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகள் அந்த ஆயிலுக்காகவே அமைக்கப்பட்டவை. அளவுக்கு மேல் ஊற்றுவதும் ஆகாது: சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை எதையும் மசகிடாது. டயர் காற்றுக்கும் ஒரு வார்த்தை. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம். நிரப்ப வேண்டிய அளவு ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

மிகையான அக்கறையும் தவறுதான். சர்வீஸுக்கு விட்டதும் இன்ஜினின் உட்புறத்தைக் கழுவும் ஃபிளஷ், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்வது என்று ஒரு பட்டியல் நீட்டப்படும். புதுக் காருக்கு அவை அநேகமாகத் தேவைப்படாது. கையேட்டில் இந்தத் தவணைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பாதிப் பட்டியல் தானாகச் சுருங்கும். மின்சாரக் கார்க்காரர்கள் இன்ஜின் ஆயிலிலிருந்து தப்பித்துவிட்டார்கள். பிரேக் திரவம், கூலண்ட், ஏசி ஃபில்டர், டயர் ஆகியவை அவர்களுக்கும் உண்டு.

செய்த வேலைக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளாதது கடைசியில் கடிக்கும் தவறு. வாரண்டியில் தகராறு வரும் நாளில் "ஒழுங்காகச் செய்தேன்" என்ற வாய்வார்த்தை செல்லாது. பில்லில் தேதி, மீட்டர் அளவு, ஊற்றிய ஆயிலின் வகை மூன்றும் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுகிறேன். வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும் காகிதத்தில்தான் பல பில்கள் அச்சாகின்றன என்பதால், அங்கேயே படமும் எடுத்துக்கொள்கிறேன்.