பழைய ஃபைபர் மோட்டார் படகை வீட்டில் புதுப்பிக்க: மரத்திலிருந்து தொடங்குங்கள்

பழைய ஃபைபர் படகை வாங்கியதும் பாலிஷ் டப்பாவைக் கையில் எடுத்தால், போட்ட உழைப்பு அத்தனையும் வீண். ஐம்பது வருடம் ஆனாலும் கண்ணாடி இழையும் ரெசினும் லேசில் கெடாது. கெடுவது அவற்றுக்குள் பொதிந்திருக்கும் மரம். 1960, 70களில் வார்த்த சிறு மோட்டார் படகுகளில் பெரும்பாலும் மூன்று இடங்களில் மரம் இருக்கும்: இன்ஜின் தொங்கும் பின்சுவரான டிரான்ஸம், அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் கட்டைகள், நாம் மிதிக்கும் தளப் பலகை. ஒரு திருகைச் சுற்றி அடைத்த சீலண்ட் காய்ந்து விரிசல் விட்டால் போதும், தண்ணீர் இறங்கிவிடும். இறங்கியது ஃபைபர் உறைக்குள் அடைபட்டு, வெளியேற வழியில்லாமல் மரத்தை அழுக வைக்கும். ஆகவே தண்ணீர் எங்கே நுழைந்தது, எதுவரை போனது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பளபளப்பு கடைசி.

சோதனை

பிளாஸ்டிக் தலை சுத்தியலால் டிரான்ஸம், தளம் முழுக்க ஒரு சாண் இடைவெளியில் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் ஒலி கணீரென்று இருக்கும். ஊறிய இடத்தில் மந்தமாகும். தட்டுவதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். 5 மி.மீ. டிரில் பிட்டில் 25 மி.மீ. தூரத்தில் டேப் சுற்றி, படகின் உள்பக்கமிருந்து டிரான்ஸத்தில் துளையுங்கள். வெளி உறையைத் துளைத்துவிடாமல் அந்த டேப் காக்கும். துளைக்க வேண்டிய இடங்கள்: வடிகால் துளைக்கு அருகில், இன்ஜின் போல்ட்டுகளுக்குக் கீழே, இரு கீழ்மூலைகள். வெளிர் நிறத்தில் உலர்ந்த சுருள் வந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. காப்பி வடித்த சக்கைபோல் கறுத்து ஈரமாக வந்தால் அந்த டிரான்ஸம் முடிந்தது. கீழே அழுகி மேலே நன்றாக இருந்தாலும் முழுதாகத்தான் மாற்ற வேண்டும். நல்ல மரம் என்று தெரிந்தால் சோதனைத் துளைகளை அன்றே எபாக்ஸி ரெசினால் அடைத்துவிடுங்கள்.

இன்ஜின் மாட்டியிருந்தால் இன்னொரு சோதனை உண்டு. இன்ஜினைத் தூக்கி நிறுத்தி, அதன் கீழ்க்காலைக் கையால் அழுத்துங்கள். டிரான்ஸத்தின் மேல்விளிம்பு கண்ணுக்குத் தெரிய அசைந்தால் வேறு சான்று தேவையில்லை.

தளத்துக்கடியில் நிரப்பிய பாலியூரித்தேன் ஃபோமையும் பார்க்க வேண்டும். பின்பக்கம், தளம் மிகத் தாழ்ந்த இடத்தில் டிரில்லில் மாட்டும் 50 மி.மீ. துளை ரம்பத்தால் (ஹோல் சா) ஒரு துண்டு எடுத்து, அடிஃபோமைப் பிழியுங்கள். தண்ணீர் வந்தால் தளம் முழுவதையும் திறந்தாக வேண்டும். ஊறிய ஃபோம் வெயிலில் வைத்தாலும் உலராது. உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ அளவே இருக்கும் ஃபோம், ஊறினால் பல மடங்கு கனத்துப் படகைப் பின்பக்கம் அமுக்கும்.

பிரிக்கும் முன் தாங்கல்

பலரும் கோட்டை விடும் இடம் இது. தளத்தையும் ஸ்ட்ரிங்கரையும் எடுத்துவிட்டால் மிஞ்சும் வெறும் ஓடு வளையும். வளைந்த நிலையில் புதுக் கட்டையை ஒட்டினால் அந்த வளைவு நிரந்தரம். குறிப்பாக, பின்பக்கத்துக் கடைசி ஒன்றரை மீட்டரில் அடிப்பாகம் உள்வாங்கிக் குழிந்துவிட்டால், ஓடும்போது அணியம் (முன்முனை) எழும்பாது, வேகமும் குறையும். அடியில் 1.5 மீட்டர் நேர்க்கட்டையை நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. கீலுக்கு (அடியின் நடு முதுகெலும்பு) அடியிலும் இரு பக்கமும் பல இடங்களில் தாங்கல் கொடுத்து, மேல்விளிம்புகளுக்கு இடையே இரண்டு மூன்று குறுக்குச் சட்டங்கள் அடித்த பிறகே ரம்பத்தைத் தொடுங்கள். மேல்மூடியைக் கழற்றாமல் வேலை செய்ய முடிந்தால் அதுவே நல்லது.

விளிம்புக்கு விளிம்பு இழுத்துக் கட்டிய நூலிலிருந்து ஸ்ட்ரிங்கரின் தலைவரை உள்ள உயரத்தை 30 செ.மீ.க்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். டிரான்ஸத்தின் சாய்வு, நடு உயரம் இரண்டையும் குறியுங்கள். ஷார்ட் ஷாஃப்ட் (குட்டைக் கால்) இன்ஜினுக்கு நடு உயரம் சுமார் 381 மி.மீ., லாங் ஷாஃப்டுக்கு (நீளக் கால்) 508. இது மாறினால் புரொப்பெல்லர் தவறான ஆழத்தில் நிற்கும்.

தளத்தை வெட்டும்போது வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகைத் தடிமன் அளவுக்கே வையுங்கள்; ஓரத்தில் 50 மி.மீ. விளிம்பை விட்டு வெட்டுங்கள். ஸ்ட்ரிங்கர்களில் ஒன்றை எடுத்து, புதியதை ஒட்டி, இறுகிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

கிரைண்டரில் 36 அல்லது 40 கிரிட் டிஸ்க்கால் பழைய ரெசினை வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். புது லேமினேட் (ரெசினில் நனைத்த இழை அடுக்கு) பழையதோடு ரசாயனமாகக் கலப்பதில்லை, அந்தச் சொரசொரப்பைப் பிடித்துத்தான் நிற்கிறது. பளபளப்பான ஓர் அங்குலம் விட்டுப்போனால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். தேய்க்கும் முன்னரே அசிட்டோனால் துடையுங்கள். இல்லையென்றால் மெழுகையும் எண்ணெயையும் டிஸ்க் உள்ளே தேய்த்து இறக்கிவிடும். இந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. துணி முகமூடி போதாது: பி100 தரத் தூசி வடிகட்டி, ரெசின் வேலைக்கு ஆவி வடிகட்டி, மூடிய கண்ணாடி, முழு உடை எல்லாம் வேண்டும்.

எந்த ரெசின்?

எல்லா இடத்துக்கும் எபாக்ஸி என்று சொல்பவர்கள் உண்டு. மரத்தோடு பிடிப்பதிலும், பழைய லேமினேட்டோடு பிடிப்பதிலும் எபாக்ஸி மேல் என்பது உண்மை. ஆனால் அதன்மேல் ஜெல்கோட் (படகின் பளபளப்பான வெளி ரெசின் பூச்சு) சரியாக இறுகாது. பெயின்ட்தான் அடிக்க வேண்டியிருக்கும். தவிர, சாதாரண சாப் மேட்டில் (நறுக்கிய இழைகளைப் பரப்பி ஒட்டிய விரிப்பு) இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்தது. எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் மேட் மூலையில் மடங்காமல் விறைத்து நிற்கும். எபாக்ஸி என்றால் தையல் போட்ட பையாக்ஸியல் (இரு திசை இழை) துணி வாங்குங்கள். டிரான்ஸத்துக்கும் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஓட்டைகளுக்கும் எபாக்ஸி. தளத்துக்கும் உட்பக்கப் பூச்சுகளுக்கும் பாலியெஸ்டர். இப்படிப் பிரித்துக்கொள்வது நியாயமான வழி. எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் வராதபடி வேலை வரிசையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலியெஸ்டருக்கு 1 கிலோ ரெசினில் 10 முதல் 20 மில்லி எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்). 10க்குக் கீழே போனால் முழுதாக இறுகாமல் போகலாம். அளவு மீறினால் சூடேறி நொறுங்கும். ஆக்சிலரேட்டர் (இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட் திரவம்) தனியாக வரும் ரெசின் என்றால் முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டுப் பிறகே கேட்டலிஸ்ட்டை ஊற்றுங்கள். கோபால்ட்டும் எம்.இ.கே.பி.யும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடிக்கும். அந்த இரண்டு பாட்டில்களையும் ஒரே தட்டில் வைக்கக்கூட வேண்டாம். எம்.இ.கே.பி. ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

எபாக்ஸியில் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, அரைகுறையாக நின்றுவிடும். டப்பாவில் சொன்ன விகிதத்தைத் தராசு வைத்து நிறுங்கள். கலந்ததைக் குவளையில் விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே புகையும். அகன்ற தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள். இறுகிய எபாக்ஸி மேல் மெழுகுபோல் படியும் பிசுக்கைத் தண்ணீரும் நார்த் தேய்ப்பானும் கொண்டு கழுவிவிட்டுத்தான் அடுத்த பூச்சு. அசிட்டோன் அதைப் பரப்பிவிடும்.

டிரான்ஸம்

உட்பக்க உறையை வெட்டி எடுத்து, அழுகிய மரத்தை உளியாலும் கிரைண்டராலும் வெளி உறைவரை சுரண்டுங்கள். வெளிப்பக்கம் நேரான இரண்டு சட்டங்களைக் கட்டிவைத்தால் அந்த உறை புடைக்காது. புதிய மரத்துக்கு பி.எஸ். 1088 தர மரைன் பிளைவுட் 18 மி.மீ. தகடு இரண்டு. பூச்சி மருந்து ஏற்றிய பலகை வேண்டாம்; ஈரத்தோடு வருவதால் ரெசின் நன்றாகப் பிடிக்காது. இரு தகடுகளுக்கும் இடையே ஒரு 450 கிராம் மேட்டை ரெசினில் நனைத்து ஒட்டி, கனம் வைத்து இறுகவிடுங்கள். எபாக்ஸி என்றால் மேட்டுக்குப் பதில் சிலிக்கா கலந்த பசை போதும்.

அட்டையில் அச்சு வெட்டி, உலர் நிலையில் வைத்துப் பார்த்து, சுற்றிலும் 5, 6 மி.மீ. இடைவெளி இருக்கும்படி அறுக்கவும். மரம் படகின் ஓட்டில் நேரடியாகக் குத்தினால் அந்த இடத்தில்தான் பிறகு வெளியே விரிசல் கிளம்பும். வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு கை ரெசின் குடிக்கக் கொடுங்கள், நார் முனைதான் தண்ணீரை இழுக்கும். ஒட்டும் பசை, ரெசினில் ஃப்யூம்ட் சிலிக்காவும் (கெட்டியாக்கும் நுண்பொடி) பொடி இழையும் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தால் வழியாத பதத்தில் இருக்க வேண்டும். பல்வெட்டுக் கரணையால் வெளி உறையில் பரப்பி, மரத்தைப் பதித்து, இன்ஜின் துளைகள் வழியாக போல்ட்டும் ஓரத்தில் கிளாம்ப்பும் போட்டு இறுக்குங்கள். எல்லா ஓரத்திலும் பசை பிதுங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் பசை முழுக்க வெளியேறி ஒட்டு வறண்டுபோகும்.

பிதுங்கிய பசையையே வட்ட முனைக் குச்சியால் இழுத்து மூலைகளில் 15 முதல் 20 மி.மீ. ஆரத்துக்கு வளைவு கட்டுங்கள். செங்கோண மூலையில் இழை படியாது, பின்னால் காற்று தங்கும். எபாக்ஸி இல்லாமல் பசை உட்பட டிரான்ஸம் முழுவதும் பாலியெஸ்டரில் வேலை என்றால், இதன்மேல் 450 கிராம் மேட், 600 கிராம் ரோவிங் (நெய்த தடித்த இழைத் துணி), மேட், ரோவிங், மேட் என்று ஐந்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் பக்கச் சுவரிலும் அடியிலும் முந்தையதைத் தாண்டி 25 மி.மீ. கூடுதலாக ஏறட்டும், கடைசி அடுக்கு 150 மி.மீ. வரை போகலாம். ஒரு சதுர மீட்டர் டிரான்ஸத்துக்கு இந்த அடுக்குகள் மட்டும் ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ ரெசின் குடிக்கும். பசைக்கு இன்னும் 2 கிலோ. பள்ளம் வைத்த இரும்பு ரோலரால் காற்றை வெளியேற்றும்போது வெள்ளைப் புள்ளி எதுவும் மிஞ்சக் கூடாது. ரெசின் குளமாகத் தேங்கினால் அது பலமில்லை, வெறும் கனம்.

ஸ்ட்ரிங்கருக்கும் இதே முறைதான்: அடியில் 6 மி.மீ. பசைப் படுக்கை, இருபக்க வளைவு, மேல் விளிம்பை ரவுட்டரால் உருட்டல், அதன்மேல் அடுக்குகள். மழைத் தண்ணீர் பின்பக்கம் ஓட, கட்டைகளில் 25 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டுகளைப் பதித்து, ஓரத்தை ரெசினால் அடையுங்கள். தளப் பலகையைப் போடும் முன் அதன் அடிப்பக்கத்துக்கும் ரெசினும் மேட்டும் கொடுங்கள். அடிப்பக்கம் யார் கண்ணுக்கும் படாது என்பதாலேயே பழைய பலகைகளில் பல அங்கிருந்துதான் அழுகின.

எடுத்த ஃபோமுக்கு ஈடாகப் புதியது போடாமல் விடாதீர்கள். படகில் தண்ணீர் நிறைந்தால் மிதக்கவைப்பது அதுதான். 100 லிட்டர் மூடிய ஃபோம் ஏறத்தாழ 96 கிலோவைத் தாங்கும். சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் பொங்கித் தளத்தைத் தூக்கிவிடும். அடியில் வடிகால் பாதை அடைபடாமல் விட வேண்டும்.

வெளிப்பூச்சு

சுண்ணாம்புபோல் மங்கிய ஜெல்கோட்டை 600, 800, 1000, 1500 தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் என்று போனால் பெரும்பாலும் உயிர் வரும். அதன் கனமே சுமார் அரை மி.மீ.தான், மூலைகளில் இன்னும் குறைவு. அங்கே கையால் தேய்ப்பது நல்லது. சிலந்திவலை விரிசல் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் அடியில் ஏதோ நெகிழ்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே நிரப்பினால் அடுத்த பருவத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். விரிசலை 'வி' வடிவில் திறந்து, ஜெல்கோட் பசை நிரப்பி, காற்றுப்படாமல் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) படலம் பூசுங்கள். காற்றுபட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். முழு ஓட்டை விழுந்த இடத்தில் 12க்கு 1 சரிவு: 6 மி.மீ. தடிமன் என்றால் சுற்றிலும் 72 மி.மீ. தேய்த்துச் சரிக்க வேண்டும்.

பெயின்ட் என்றால் இரு கூறு பாலியூரித்தேன், ரோலரால் பூசித் தூரிகை நுனியால் இழுத்துவிடும் முறையில். ஸ்பிரே செய்தால் ஐசோசயனேட் காற்றில் பரவும். காற்று ஊட்டும் முகமூடி இல்லாத வீட்டுக் கொட்டகையில் அது வேண்டாம்.

மறுபடி மாட்டும்போது

ஒவ்வொரு துளையையும் இப்படிச் செய்யுங்கள்: 12 மி.மீ. போல்ட்டுக்கு 20 மி.மீ. துளை போட்டு, கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் 12 மி.மீ. துளையுங்கள். போல்ட் இனி மரத்தைத் தொடாது. நேரம் எடுக்கும் வேலை. படகின் ஆயுளைத் தீர்மானிப்பதும் இதுவே. மாட்டுவதற்கு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், பாலியூரித்தேன் மரைன் சீலண்ட். சிலிக்கான் வேண்டாம், அது பட்ட இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது.

ஒயரிங்கை ஒட்டுப்போடாமல் புதிதாக இழுங்கள்: வெள்ளீயம் பூசிய மரைன் கேபிள், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், பேட்டரியிலிருந்து 18 செ.மீ.க்குள் ஃபியூஸ். ஃபோமுக்குள் புதைந்திருந்த அலுமினிய டாங்க்கை வெளியே எடுத்து அடிப்பக்கக் குழிகளைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் புது டாங்க். பெட்ரோல் குழாய்களை எப்படியும் மாற்றிவிடுங்கள். இன்ஜினுக்கு கம்ப்ரஷன் சோதனை, புது இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் விசிறி), கியர் ஆயில். ஆயில் பால்நிறமாக வந்தால் சீல் போய்விட்டது.

முதல் முறை தண்ணீரில் இறக்கும்போது டிரெய்லரிலிருந்து அவிழ்க்காமல் பத்து நிமிடம் மிதக்கவிட்டு, டிரான்ஸத்தின் கீழ்மூலைகளையும் வடிகால் துளையையும் உள்ளிருந்து விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மணிநேரம் ஓட்டிய பின் கரைக்குக் கொண்டுவந்து, வடிகால் அடைப்பானைத் திறந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்து, இன்ஜின் போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.